தையல் மிஷினோடு வந்தவள்

டெவென்டர்,
12 ஜனவரி 1898

யெட்டாவுக்கு,

கப்பலேறும் முன்பு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா" என்று அழுதாயே, அதற்குப் பதில் இதோ. சொல்ல மாட்டேன். அழுத கண்ணீர் எல்லாம் என் புதுக் காலரில் கறையானதுதான் மிச்சம்.

ரெய்னியர் இரண்டு வருடம் எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை. ஜாவாவில் கரும்பாலை நிர்வாகி, பெரிய வீடு, வராந்தா, எட்டு வேலைக்காரர்கள் என்று ஊரெல்லாம் என்னைத்தான் வாழ்த்தியது. பிறகு ஒரே ஒரு தபாலில் அவர் மனசு மாறி, அக்கா வேண்டாம், தங்கை போதும் என்றாயிற்று. எப்படி மாறிற்று என்று நான் கேட்கவில்லை. கையுறைக் கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, அவருடைய சித்தப்பா அவருக்குப் பதிலாக நின்று கையுறையை நீட்ட, நீ சம்மதம் சொன்னாய். உன் முக்காட்டுக்கு ஊசி குத்தியவள் நான். தலையில் ஆழமாக இறங்கிவிட்டது என்று கத்தினாய். அது கைதவறி நடந்ததல்ல.

நான் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தைத்த பதினெட்டு மேசைவிரிப்பையும் அம்மா உன் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் செய். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. என் வாழ்க்கையைத்தான் நீ வாழ்கிறாய். அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது எனக்கு இருக்கட்டும்.

ஹெஸ்டர்


பாசுருவான் பக்கம், கரும்பாலை வீடு,
1 மார்ச் 1898

ஆசை அக்கா,

நீ திட்டினாலும் பரவாயில்ல, எழுதினியே, அது போதும். கவரைப் பார்த்ததும் குதிச்சேன்.

அடேயப்பா, என்ன வெயில்! கொண்டுவந்த உள்பாவாடை எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டேன். இங்க பொம்பளைங்க காலையில கைலியும் வெள்ளை ரவிக்கையும் போட்டுக்கிட்டு வெறுங்காலோட திரியிறாங்க. நம்ம பாதிரியார் பார்த்தா மயங்கி விழுந்துடுவார். மத்தியானம் சோத்தோட இருபது தினுசு தொட்டுக்க வருது. பாதி என்னன்னே தெரியல, நாக்கு எரியுது, ஆனா நிறுத்த முடியல.

வந்த அன்னைக்கே அவர் சாமான் அறைச் சாவிக்கொத்தை என் கையில கொடுத்தார். தினமும் காலையில நானே அரிசி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் அளந்து கொடுக்கணும். சாவிக்கொத்துல ஒரு சிவப்புத் துணி நாடா கட்டியிருந்தது. முன்னாடி யார் வெச்சிருந்தாங்கன்னு கேட்டேன். சமையல்காரி தரையைப் பார்த்தா. சரி, கிழவிக்குக் காது கேக்கலபோல.

அவர் நல்லவர் அக்கா. இதைச் சொன்னா உனக்கு எரியும், ஆனா ஒண்ணு விடாம எழுதுன்னு நீதானே சொன்னே.

ஒரு சின்ன விஷயம். வீட்டுல ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. மாநிறம், சாம்பல் கண்ணு, நம்ம பாஷை நல்லாவே பேசுறா. பேரு ஆகத்தா. பின்கட்டுல படுத்துக்கறா. விடியக்காலையில அவர் காப்பி குடிக்கிற படியில போய் உட்கார்ந்துக்குவா, அவர் பழம் உரிச்சுக் கொடுப்பார். முதல் நாளே என்கிட்ட, "இதுதான் ஆகத்தா. ஹெஸ்டர் எல்லாம் சொல்லியிருப்பாளே"ன்னார். தெரியாதுன்னு சொன்னா அசடு மாதிரி இருக்குமேன்னு நானும், "தெரியும் தெரியும்"னு தலையாட்டிட்டேன். இனிமே போய் யாருன்னு அவர்கிட்ட எப்படிக் கேட்கிறது? நீயே எழுதிடுக்கா. யார் அந்தப் பொண்ணு?

உன் யெட்டா


டெவென்டர்,
10 ஏப்ரல் 1898

யெட்டாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு ஒரு வருடமாகக் கிடைக்கவில்லை.

இங்கே அப்பாவுக்கு மூட்டுவலி. அம்மா தேவாலயத்தில் எல்லோரிடமும் உன் எட்டு வேலைக்காரர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறாள். நேற்று பன்னிரண்டு ஆகிவிட்டார்கள்.

அந்தப் பெண் யார் என்றா கேட்டாய்? ஆலையில் மேஸ்திரியாக இருந்த ஒருவனின் குழந்தை. அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான், ஆதரவில்லாத பிள்ளையை ரெய்னியர் எடுத்து வளர்க்கிறார். எனக்கு எழுதியிருந்தார். நல்ல மனசு, வேறென்ன. தன் தர்மத்தைத் தானே பேச அவருக்குக் கூச்சம், ஆகையால் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்காதே. ஆனால் நீ கிளப்புக்குப் போவாய் அல்லவா, அங்கே மற்ற பெண்களிடம் தாராளமாகச் சொல். புருஷன் பெருமையை மனைவி சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தச் சிவப்பு நாடாவை அவிழ்த்துவிடாதே. அழகாக இருக்கும்.

ஹெஸ்டர்


கரும்பாலை வீடு,
5 ஜூன் 1898

ஆசை அக்கா,

நீ இவ்வளவு அன்பா எழுதுவேன்னு கனவுலயும் நினைக்கல! ஆலை ஓட ஆரம்பிச்சாச்சு. வீடெல்லாம் வெல்லப்பாகு வாசனை. அவர் வரும்போது சட்டையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு.

நீ சொன்னபடியே கிளப்புல ஆகத்தாவைப் பத்திச் சொன்னேன். எப்படி அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறார், எவ்வளவு பெரிய மனசுன்னு. திருமதி போஸ்ஹார்ட் விசிறியை முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டு, "அடடா, உங்க வீட்டுக்காரருக்கு எப்பவுமே பெரிய மனசுதாங்க. இந்த ஜில்லாவுக்கே தெரியும்"னாங்க. பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் திடீர்னு இருமல். இந்த ஊர்க் காத்து ஈரம்.

இன்னொரு சந்தோஷம். எனக்கு ஒரு தையல்காரி கிடைச்சிருக்கா! பின்வாசல்ல வந்து நின்னா, முப்பது வயசு இருக்கும், பேரு வாகினெம். கேளு, சொந்தமாத் தையல் மிஷினே வெச்சிருக்கா! வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருந்தா. கூலி என்னன்னு கேட்டேன். "நோஞா குடுக்கறதைக் குடுங்க, பின்வராந்தாவுல உட்கார ஒரு பாய் இடம் போதும்"னா. இங்க எஜமானியம்மாவை நோஞான்னுதான் கூப்பிடறாங்க. அன்னைக்கே வெச்சுக்கிட்டேன். கை வேலை அப்படி ஒரு சுத்தம். உன் மேசைவிரிப்பு மூலையில இருந்த எழுத்தைக் கவனமாப் பிரிச்சு, அதே இடத்துல என் எழுத்தைப் போடச் சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காதே. மாதிரிக்கு எழுத்தெல்லாம் நான்தான் தாள்ல வரைஞ்சு கொடுத்தேன். ஒவ்வொண்ணும் என்ன சத்தம்னு கேட்டுக் கேட்டுத் தைக்கிறா. ஆகத்தாவுக்கு அவளைக் கண்டா உசிரு, மிஷினடியிலேயே கிடக்கறா.

அவர் சாயங்காலம் வந்து வராந்தாவுல அவளைப் பார்த்தார். அப்படியே நின்னுட்டார். நான் போய், "நான்தான் இருக்கச் சொன்னேன், நல்லாத்தானே இருக்கு?"ன்னேன். அவர் கண்ணு கலங்கிடுச்சுக்கா. என் கையை எடுத்து முத்தம் கொடுத்து, "யெட்டா, நீ இவ்வளவு பெரிய மனுஷின்னு எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னார். ஒரு தையல்காரியை வெச்சுக்கிட்டதுக்கா இவ்வளவு! சிக்கனமா இருக்கேன்னு சந்தோஷம்போல.

ஆகஸ்ட் கடைசியில விருந்து வைக்கிறேன், இருபது பேர். அன்னைக்கு ஆகத்தாவைப் புதுக் கவுன்ல பாட வைக்கப்போறேன். வாகினெம்தான் தைக்கிறா.

உன் யெட்டா


டெவென்டர்,
14 ஜூலை 1898

யெட்டாவுக்கு,

விருந்துக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஆகத்தா மேஸ்திரி பெற்ற பிள்ளை அல்ல. உன் புருஷன் பெற்ற பிள்ளை. அவருடைய அம்மா பெயர் என்னவென்று நிச்சயதார்த்தப் பத்திரிகையை எடுத்துப் பார், அதுவும் ஆகத்தாதான். பெற்றவள் ஏழு வருடம் அந்த வீட்டில் அவரோடு குடும்பம் நடத்தியவள், சாவிக்கொத்தில் சிவப்பு நாடா கட்டியவள். வெள்ளைக்காரப் பெண்டாட்டி வருகிறாள் என்றதும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒரு தையல் மிஷின் கொடுத்து அனுப்பினார்கள். பெயர் வாகினெம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதினார். போன வருடம் மார்ச்சில், ஒன்றையும் மறைக்காமல். "குழந்தை என்னோடு இருக்கும். சம்மதம் என்றால் வா" என்றார். பதினோரு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். பிறகு சம்மதம் என்று எழுதி, அந்தக் குழந்தைக்கு ஒரு கவுன் துணி கூட வாங்கினேன். கடிதத்தைப் போடுவதற்குள் அவரிடமிருந்து இன்னொன்று வந்தது. எனக்குக் காசநோய் என்று கேள்விப்பட்டு அழுதாராம். நெஞ்சு நோயாளி வெப்ப நாட்டுக்கு வந்தால் பிழைக்க மாட்டாள், ஆகவே என்னை விடுவிக்கிறாராம். "நீ மறைத்ததை உன் தங்கை அன்பினால் சொன்னாள். உனக்கு நான் எழுதும் கடிதங்களையெல்லாம் அவளும் படிப்பாளாம், எல்லாம் தெரிந்தவள்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு ஒரு தும்மல் கூட வந்ததில்லை, யெட்டா.

எனக்கு வந்த கடிதங்களைப் படித்ததாகப் பொய் சொன்னாய். படித்திருந்தால் தெரிந்திருக்குமே! நான் அன்றைக்கே உன் குட்டை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு முக்காட்டுக்கு ஊசி குத்தினேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது விருந்து வை. நன்றாகப் பாடட்டும் பிள்ளை.

ஹெஸ்டர்


கரும்பாலை வீடு,
2 செப்டம்பர் 1898

ஹெஸ்டர்,

ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. நீ பெரிய அமுக்குணி.

விருந்துக்கு ரெண்டு நாள் முன்னாடி உன் கடிதாசி வந்தது. விருந்தை அப்பவே நிறுத்திட்டேன். அவரைப் பிடிச்சு உலுக்கினேன். "ஏன் சொல்லல?"ன்னு கத்தினேன். அவர் திகைச்சுப்போய், "உனக்குத்தான் தெரியுமே யெட்டா! ஹெஸ்டரோட கடிதாசி எல்லாம் படிச்சேன்னு நீயே எழுதினியே! வாகினெமைக் கூட நீயேதானே வீட்டுக்குள்ள விட்டே? பிள்ளையைப் பிரிய முடியாம வந்தவளை நீ சேர்த்துக்கிட்டேன்னு நான் உன்னைக் கும்பிடாத குறை"ங்கிறார். வாயைத் திறந்தா என் பொய்தான் முதல்ல வெளியே வரும். நான் மென்னு முழுங்கினேன். எவ்வளவு கசப்புன்னு உனக்குத் தெரியணும்னுதான் எழுதறேன்.

கிளப்புல அந்த இருமல் ஏன்னு இப்பப் புரியுது. என் வாயாலேயே என் மானத்தை ஏலம் விட வெச்சுட்டியே!

அன்னைக்கே வாகினெமை வெளியே போகச் சொன்னேன். மிஷினைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டுப் படியிறங்கினா. ஊருக்குப் போவான்னு பார்த்தா, ஆலை வாசல் புளியமரத்தடியில பாயை விரிச்சு உட்கார்ந்துட்டா. நான் வண்டியில போகும்போதெல்லாம் மிஷின் சத்தம் கேக்குது.

சரி, இருக்கட்டும். நீ என் வீட்டுச் சேதி எல்லாம் வேணும்னு கேட்டியே, இந்தா, சேதியையே அனுப்பறேன். ஆகத்தா வர்றா. ஊர் திரும்புற ஒரு குடும்பத்தோட பத்தாம் தேதி கப்பல். படிக்க வைக்க நீ ஆசைப்பட்டு எழுதினேன்னு அவர்கிட்ட சொன்னேன். "அவளுக்குத்தான் நெஞ்சு நோயாச்சே"ன்னார். மலை ஊருக்குப் போய் நல்லா குணமாயிட்டான்னேன். பைத்தியம், அதுக்கும் அழுதார். கையெழுத்துப் போட்டுட்டார். பதினெட்டு வயசு வரைக்கும் உன் பொறுப்பு. சட்டப்படி அப்பன் சொல்றதுதான், பெத்தவளை யாரும் கேட்க வேண்டியதில்ல.

நேத்து ஆகத்தாவைத் துறைமுகத்துக்கு ஏத்திப்போன வண்டி ஆலை வாசலைத் தாண்டும்போது வாகினெம் எழுந்துகூட நிக்கல. ஊசி அவ விரல்ல இறங்கினதைப் பார்த்தேன். கையை எடுக்காம மிஷினைச் சுத்திக்கிட்டே இருந்தா.

உன் கல்யாணம் எனக்கு வந்துச்சு, என் அவமானம் உனக்கு வருது. டெவென்டர்ல எல்லாரும் யார் பிள்ளைன்னு கேட்கட்டும், நீ பதில் சொல்லு.

யெட்டா


டெவென்டர்,
20 நவம்பர் 1898

யெட்டாவுக்கு,

பிள்ளை வந்து சேர்ந்தாள். யாரோ கொடுத்த பெரிய ஆள் கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பூட்ஸ் பழக்கமில்லாமல் இரண்டு குதிகாலும் புண். ரயிலடியில் என்னை நிமிர்ந்து பார்த்து முதல் கேள்வி கேட்டாள்: "பெரியம்மா, உங்க இருமல் நல்லாயிடுச்சா?"

கப்பல் முழுக்க தினமும் எனக்காக ஜெபம் பண்ணினாளாம்.

அவள் பெட்டியில் பாதி தைத்த கவுன் இருக்கிறது, விருந்துக்கு என்றாயே, அது. ஊசி இன்னும் அதிலேயே குத்தியிருக்கிறது. எடுக்க விடமாட்டேன் என்கிறாள். தன் அம்மா வந்து மிச்சத்தைத் தைப்பாளாம்.

உன்னைப் பழிவாங்கத்தான் கல்லை எடுத்தேன். போய் விழுந்தது இவள் மேலும் இவளைப் பெற்றவள் மேலும். நான் கொஞ்சம் முன்னதாக வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்காக வெட்கப்படுகிறேன். உன்னிடம் அல்ல, உன்னிடம் மன்னிப்புக் கேட்க என் நாக்கு வளையாது. திருப்பி அனுப்பவும் மாட்டேன், அனுப்பினால் உன் கையில்தானே வந்து விழுவாள்!

ஊரில் யார் பிள்ளை என்று கேட்டார்கள். "என் தங்கை புருஷனின் மகள், மூத்த தாரத்துப் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அம்மா மூன்று நாள் வெளியே வரவில்லை. இப்போது அவளே குதிகாலுக்கு மருந்து போட்டுவிடுகிறாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதோடு ஆகத்தாவின் கடிதம் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாகினெமுக்குப் படிக்கத் தெரியாதாம், ஆகவே நீதான் படித்துக் காட்டவேண்டும். வீட்டுக்குக் கூப்பிட்டு அல்ல. நீ புளியமரத்தடிக்குப் போய், அவள் பாயில் உட்கார்ந்து, அவள் பாஷையில் சொல்லவேண்டும். அவள் சொல்லும் பதிலை எழுதி எனக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொரு மாதத் தபாலுக்கும்.

ஒரு மாதம் தவறினாலும், ரெய்னியர் எனக்கு அழுதுகொண்டு எழுதிய அந்தக் கடிதம், எனக்கு நோயே வந்ததில்லை என்ற வைத்தியரின் சான்றோடு அவருக்கே போகும். மலை ஊரில் குணமானேன் என்ற கதையையும் சேர்த்து அவர் விசாரித்துக்கொள்ளட்டும்.

ஹெஸ்டர்


கரும்பாலை வீடு,
8 ஜனவரி 1899

ஹெஸ்டர்,

போனேன். ஆலை விடுற நேரம், கூலிக்காரங்க அத்தனை பேரும் பார்க்க, அந்தப் பாயில உட்கார்ந்தேன். கிளப்புக்குப் போற வண்டி ரெண்டு கடந்து போச்சு. திருமதி போஸ்ஹார்ட் வண்டியை நிறுத்தியே பார்த்தா. உனக்குக் குளிர்ந்துச்சா?

பிள்ளை கடிதாசியை எனக்குத் தெரிஞ்ச மட்டும் அவ பாஷையில சொன்னேன். குதிகால் புண்ணு வந்த இடத்துல, "அதை இன்னொரு தரம் சொல்லுங்க"ன்னா. மூணு தரம் சொல்ல வெச்சா. அழல. நான்தான் அழுதேன், நம்ம ரெண்டு பேர் சண்டையையும் அவகிட்ட கொட்டிட்டேன், அதை நீ என்ன வேணும்னாலும் நினைச்சுக்க.

பதில் எழுத உட்கார்ந்தா, பக்கத்துல ஆலைக் குமாஸ்தா பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினா. நம்ம எழுத்துத் தெரிஞ்ச பொண்ணு. நான் எழுதினதை அவ திருப்பிப் படிச்சுச் சொல்லணுமாம். ரெண்டு இடத்துல நான் மாத்தி எழுதினேன். ரெண்டு இடத்துலயும் பிடிபட்டேன். "எழுத்துத் தெரிஞ்ச ஆள் இருக்கும்போது என்னை ஏன் எழுத வைக்கிறே?"ன்னு கேட்டேன். "உங்க கை வலிக்கணும், நோஞா"ன்னா.

அவ சொன்னது கீழே இருக்கு. ஒரு எழுத்து விடல. நீயும் விடாம, பிள்ளை முன்னாடி சத்தமாப் படி. ஒழுங்காப் படிச்சியான்னு அடுத்த கடிதாசியில பிள்ளையைக் கேப்பாளாம்.

யெட்டா

'ஆகத்தா, அம்மா பேசுறேன். குதிகாலுக்கு எண்ணெய் போடு, பூட்ஸுக்குள்ள பழந்துணி வெச்சுக்க.

இதை எழுதுறவ உன்னை என்கிட்டேருந்து பிடுங்கி அனுப்பினவ. இதைப் படிக்கிறவ எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு அதுக்கு வழி பண்ணினவ. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி சண்டைக்கு உன்னைக் கல்லா எடுத்தாங்க. அவங்க போடுற சோத்தைத் தின்னு, கொடுக்குற துணியை உடுத்திக்க. நன்றின்னு மட்டும் சொல்லாதே. அது உனக்கு வரவேண்டியது.

நோஞாவோட மேசைவிரிப்புல அக்கா எழுத்தைப் பிரிச்சுத் தங்கச்சி எழுத்தைத் தைக்கச் சொன்னாங்க இல்ல, அப்ப அவங்களே சத்தம் சொல்லிக்கொடுத்தாங்க. அஞ்சாறு எழுத்து எனக்கு அப்பவே வந்துடுச்சு. மிச்சத்தைக் குமாஸ்தா பொண்ணு சொல்லித்தர்றா. நீயும் சீக்கிரம் கத்துக்கோ. வெளையாடப் போகாதே, முதல்ல எழுத்தைக் கத்துக்கோ.

இதோட ஒரு துண்டுத் துணி வருது. அதுல உன் பேரை நானே தைச்சிருக்கேன், யாரும் வரைஞ்சு கொடுக்கல. நீ உன் கையால என் பேரை எழுதி அனுப்பு. அன்னையிலேருந்து நமக்கு நடுவுல இவங்க ரெண்டு பேரும் வேண்டாம்.'